கண்காணிப்பின் எல்லைகள்: இந்தியா – இலங்கை – மாலத்தீவு கூட்டுக் கடற்பாதுகாப்பும் பாக் நீரிணை மீனவரும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய மூன்று அண்டை நாடுகளும் கடற்பாதுகாப்பிலும் கடற்கண்காணிப்பிலும் கடந்த முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கூட்டுறவை வளர்த்து வந்துள்ளன. பெருங்கப்பல்களைப் பின்தொடர்தல், பேரிடர் மீட்பு, தகவல் பகிர்வு ஆகிய துறைகளில் இக்கூட்டுறவு தெளிவான பயன் தந்துள்ளது. எனினும் இந்நாடுகளுள் இரண்டினிடையே மிகுதியாக மோதலும் உயிரிழப்பும் நிகழும் பாக் நீரிணை, இக்கூட்டுறவின் வரையறைக்கு வெளியே விடப்பட்டுள்ளது. கருவிக்குறையோ நட்புக்குறையோ இதற்குக் காரணம் அன்று. ‘கடற்பாதுகாப்பு’ என்னும் கருத்தாக்கம் வரையறுக்கப்பட்ட முறையே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: கூட்டுக் கடற்கண்காணிப்பு, கொழும்புப் பாதுகாப்பு மாநாடு, பாக் நீரிணை, கச்சத்தீவு, இழுவைமடி, மீனவர் நலன்

முன்னுரை

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தியாவின் 60 லட்சம் டாலர் நிதியுதவியால் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் கொழும்பில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் துணை நிலையங்கள் இலங்கைக் கரையைச் சுற்றிலும் அமைந்துள்ளன. வடக்கே பருத்தித்துறையும் மன்னார் வளைகுடாவை நோக்கிய முள்ளிக்குளமும் அவற்றுள் அடங்கும். கடலில் இடருறும் எவரையும் விரைந்து காப்பதே அம்மையத்தின் நோக்கம். அதே மாதத்தில், வடகடலில் இந்திய இழுவைப்படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்டு முதல் நாளன்று, நெடுந்தீவுக்கருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு நேர்ந்த மோதலில் இராமேசுவரம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

கூட்டுறவு வளர்கிறது; அக்கூட்டுறவின் நடுவிலேயே உயிர்கள் போகின்றன. இவ்விரண்டும் ஒரே காலத்தில், ஒரே இரு நாடுகளிடையே எவ்வாறு நிகழ்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினாவைத் தமிழகத்தின் குறையாக மட்டும் நோக்குவதும், இலங்கையின் இறையாண்மைச் சிக்கலாக மட்டும் நோக்குவதும் ஒருசார் பார்வையாகவே முடியும். கூட்டுக் கண்காணிப்பின் அமைப்பையும் அதன் உள்ளடக்கத்தையும் ஒருங்கே மதிப்பிடுவதே இங்கு மேற்கொள்ளப்படும் அணுகுமுறை.

கூட்டுறவின் வரலாற்றுப் பின்புலம்

மூன்று நாடுகளும் கடலைப் பற்றி ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுப்பது புதிதன்று. 1976ஆம் ஆண்டு ஜூலையில், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் மூன்று நாடுகளின் கடலெல்லைகள் சந்திக்கும் புள்ளியை முத்தரப்பு உடன்பாட்டின் வழி அவை வரையறுத்துக்கொண்டன. கடலெல்லைத் தகராறுகள் பல பகுதிகளில் இன்றளவும் தீராதிருக்க, இந்நாடுகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கோட்டை வரைந்துகொண்டமை பாராட்டத்தக்கது.

பாதுகாப்புக் கூட்டுறவின் உடனடித் தூண்டுகோல் 1988 நவம்பர் 3ஆம் நாள் மாலேயில் நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஆகும். இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள் கூலிப்படையாகக் கடல்வழியே சென்று அதில் பங்கேற்றனர். இந்தியா வான்வழிப் படையை அனுப்பி அதனை முறியடித்தது. பிணையாட்களுடன் தப்பிச்சென்ற கப்பலை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மறித்தது. சிறு குழுவொன்று கடலைக் கடந்து ஓர் அரசையே அசைக்கவல்லது என்னும் பாடம் இதனால் பெறப்பட்டது. 1991இல் இந்திய, மாலத்தீவுக் கடலோரக் காவல்படைகள் ‘தோஸ்தி’ என்னும் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. 2012இல் இலங்கையும் அதில் இணைந்தது.

அரசியல் நிலையில் 2011இல் மாலேயில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் நிலைக் கூட்டம் தொடங்கியது. 2013 ஜூலையில் கொழும்பில் ஏற்கப்பட்ட முத்தரப்பு உடன்பாடு கப்பல்களின் தொலைதூர அடையாளத் தகவல்களைப் பகிர்தல், பயிற்சியளித்தல், கடல்சார் சட்டமீறல்கள் பற்றிய தொடர்பைப் பேணல், எண்ணெய்க் கசிவு எதிர்கொள்ளல் ஆகியவற்றை உள்ளடக்கியது. 2014க்குப் பின் ஆறாண்டுக்காலம் இக்கூட்டம் நடைபெறவில்லை. 2020 நவம்பரில் கொழும்பில் புத்துயிர் பெற்று, ‘கொழும்புப் பாதுகாப்பு மாநாடு’ என்னும் பெயரைக் கொண்டது. மொரீசியஸ், வங்காளதேசம், செஷெல்ஸ் ஆகிய நாடுகள் பின்னர் அடுத்தடுத்து உறுப்பினராயின. 2024 ஆகஸ்டு 30ஆம் நாள் அதன் சாசனமும் கொழும்பில் செயலகம் அமைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாயின.

பயன்களும் அரசியல் அலைவுகளும்

இக்கூட்டுறவை வெறும் சடங்கெனத் தள்ளிவிட இயலாது. 2020 செப்டம்பரில் குவைத்திலிருந்து பாரதீப்புக்கு ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் சென்ற ‘நியூ டைமண்ட்’ கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. இரு நாட்டுக் கலங்களும் இணைந்து தீயை அணைத்தன. சரக்கெண்ணெய் கடலில் கலந்திருப்பின் அதன் விளைவு எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவியிருக்கும். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ சரக்குக் கப்பல் எரிந்தபோதும் இந்தியக் கடலோரக் காவல்படை உடன் உதவிற்று. அக்கப்பல் மூழ்குவதைத் தடுக்க இயலாவிடினும், உதவிக்கு விரையும் பழக்கம் வேரூன்றியிருந்தமை அதனால் புலனாகிறது.

மறுபுறம், இக்கூட்டுறவு ஆட்சிமாற்றங்களின் காற்றுக்கு எளிதில் அசைவது. மாலத்தீவில் 2023இல் ஆட்சி மாறியபின், அந்நாடு அவ்வாண்டு டிசம்பர் மாநாட்டுக் கூட்டத்தில் பங்கேற்கவில்லை; 2019இல் இந்தியாவுடன் செய்துகொண்ட நீரியல் அளவை உடன்பாட்டைப் புதுப்பிப்பதில்லை என்றும் முடிவெடுத்தது. வானூர்திகளை இயக்கிய இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் திரும்ப, அவர்களின் இடத்தில் குடிசார் தொழில்நுட்பர் அமர்ந்தனர். இவ்வளவுக்குப் பின்னும் 2024 ஆகஸ்டுச் சாசனத்தில் மாலத்தீவு கையெழுத்திட்டது. இலங்கையிலும் இவ்வலைவு வேறுவடிவில் வெளிப்பட்டது. 2022 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா இலங்கைக் கடற்படைக்கு டோர்னியர் கண்காணிப்பு வானூர்தியை வழங்கியது. மறுநாள் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அடைந்தது.

இந்நிகழ்வுகளைக் கொண்டு திறனாய்வாளர் பலரும் இக்கூட்டுறவை இந்திய–சீனப் போட்டியின் ஒரு கூறாகவே மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீட்டில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையன்று. பேரரசியல் அலைவுகளுக்கிடையிலும் கூட்டுறவு மீண்டெழுந்துள்ளது. ஆனால் அலைவுகள் ஓய்ந்த காலத்திலும், உறவு மிக நெருங்கிய காலத்திலும் பாக் நீரிணைச் சிக்கல் அசையாது நிற்கிறது. ஆகவே அதன் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது.

‘பாதுகாப்பு’ என்னும் சொல்லின் வரையறை

கொழும்புப் பாதுகாப்பு மாநாடு ஐந்து தூண்களை வகுத்துள்ளது: கடற்பாதுகாப்பும் கடற்காப்பும், பயங்கரவாத எதிர்ப்பு, கடத்தல் தடுப்பும் பன்னாட்டுக் குற்றத் தடுப்பும், இணையப் பாதுகாப்பும் இன்றியமையாக் கட்டமைப்புகளின் காப்பும், மனிதநேய உதவியும் பேரிடர் மீட்பும். மீன்பிடித் தொழில் இவற்றுள் தனித்தூணாக இடம்பெறவில்லை. முதல் தூணுக்குள் அதனை அடக்கலாம் என வாதிடலாம். அவ்வாறு அடக்கும்போதும் மீன்பிடிப்பு ‘சட்டமீறல்’ என்னும் தலைப்பின்கீழ்தான் வரும், வாழ்வாதாரமாக வருவதில்லை.

கண்காணிப்புக் கருவிகளின் இயல்பும் இதற்கு ஒத்திசைகிறது. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்துதல் கட்டாயம். குருகிராமில் 2018 டிசம்பரில் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் தகவல் ஒருங்கிணைவு மையத்தின் பணி பெரிதும் இத்தகைய வணிகக் கப்பல் தகவல்களை அடிப்படையாகக் கொண்டது. இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் தொடர்பு அலுவலர்களும் அங்குப் பணியாற்றுகின்றனர். ஆனால் பாக் நீரிணையின் ஆழங்குறைந்த நீரில் பெருங்கப்பல் செல்வதில்லை. அங்கே செல்வன நாட்டுப்படகு, வள்ளம், விசைப்படகு ஆகியவையே. பெருங்கடலைக் கண்காணிக்க அமைந்த கருவி, கரைக்கு அண்மையிலுள்ள கடலை நன்கு காண்பதில்லை.

சிறுபடகு கண்ணில் பட்டபோதோ, ஐயத்துக்குரிய பொருளாகவே பட்டது. 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பைத் தாக்குதலை நடத்தியோர் ‘குபேர்’ என்னும் இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றியே கரையை நெருங்கினர். அதன்பின் கடலோர ரேடார் தொடர், மீனவர்க்கு உயிரியல் அடையாள அட்டை, 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு அடையாளக் கருவி என அடுத்தடுத்து நடவடிக்கைகள் வந்தன. அவை தேவையானவையே. எனினும், மீனவர் கடலை அறிந்தவர், அரசின் கண்ணாகவும் விளங்கக்கூடியவர் என்னும் எண்ணம் பின்தள்ளப்பட்டு, அவரே கண்காணிக்கப்படவேண்டியவர் என்னும் எண்ணம் முன்னுக்கு வந்தது. கூட்டுக் கண்காணிப்பின் கருத்தியல் குறை இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

பாக் நீரிணை: கோடு வரைந்தபின் எஞ்சியவை

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஆதாம் பாலம் முதல் பாக் நீரிணை வரையிலான வரலாற்று நீர்ப்பரப்பில் எல்லையை வரையறுத்தன. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. அவ்வுடன்பாட்டின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் வழிபாட்டுப் பயணிகளும் பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் செல்லும் உரிமையைப் பேணியது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றதன் நீரில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைக் குறித்தது. 1976 மார்ச் 23ஆம் நாளைய உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டின் மீனவர் மற்றதன் நீரில் மீன்பிடித்தல் ஆகாது எனக் கூறின. முன்னதன் நெகிழ்ச்சியும் பின்னதன் கண்டிப்பும் இன்றுவரை இரு கரைகளிலும் இருவேறாகப் படிக்கப்படுகின்றன.

இச்சிக்கலைக் கச்சத்தீவின் உரிமைச் சிக்கலாகச் சுருக்குவது தமிழகப் பொதுவெளியில் வழக்கம். அவ்வழக்கம் ஓர் உண்மையை மறைக்கிறது. தமிழக விசைப்படகுகள் கச்சத்தீவைச் சுற்றி மட்டும் மீன்பிடிப்பதில்லை. வட மாகாணக் கரைக்கு அண்மை வரை செல்கின்றன. அவை பயன்படுத்தும் இழுவைமடி கடலடியை வாரிச்செல்வது. 1983 முதல் 2009 வரை போரின் கட்டுப்பாடுகளால் கடலுக்குச் செல்ல இயலாதிருந்த யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவர், போருக்குப்பின் தொழிலுக்குத் திரும்பியபோது தம் வலைகள் அறுபடுவதையும் வளம் குன்றுவதையும் கண்டனர். இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைத் தன் நாட்டவர்க்கும் சேர்த்தே தடைசெய்தது. இங்கு ஒருவர்க்கொருவர் எதிர்நிற்போர் இருவரும் தமிழ் பேசும் உழைப்பாளரே. கடற்படையின் வன்முறையைக் கண்டிக்கும் குரல், இழுவைமடியால் இழப்புற்றவரின் குரலையும் கேட்டாலன்றி அறவலிமை பெறாது.

அதேவேளை, வளக்கொள்ளை என்னும் குற்றத்துக்கு உயிர் விலையாதல் எந்நெறியிலும் ஏற்கத்தக்கதன்று. 2008 அக்டோபரில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்திய மீன்பிடிப் படகுகள்மீது சுடுதல் ஆகாது என்றும், இலங்கை குறித்துரைக்கும் நுண்ணுணர்வுப் பகுதிகளுக்கு அப்படகுகள் செல்லுதல் ஆகாது என்றும் கூறிற்று. 2016 நவம்பரில் மீன்பிடிப்புக்கான கூட்டுப் பணிக்குழு அமைக்கப்பட்டது. கடலோரக் காவல்படைகளுக்கிடையே நேரடித் தொடர்பும் உடன்படப்பட்டது. இவ்வளவும் ஏட்டில் இருந்தும், 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கருகே நேர்ந்த மோதலில் நான்கு மீனவர் மாண்டனர். உடன்பாடுகள் இல்லாமையால் இவ்விழப்புகள் நேரவில்லை. அவ்வுடன்பாடுகளைக் கடலில் ஒவ்வொரு நாளும் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு எந்தக் கூட்டுப் பாதுகாப்பு அமைப்பிடமும் ஒப்படைக்கப்படாமையே இங்குக் குறை.

ஓர் ஒப்பீடு: மலாக்கா நீரிணை

இத்தகைய ஒப்படைப்பு இயலுமா என்பதற்குத் தென்கிழக்காசியாவின் பட்டறிவு துணைசெய்யும். மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை பெருகியபோது, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை 2004 ஜூலையில் ஒருங்கிணைந்த சுற்றுக்காவலைத் தொடங்கின. 2005இல் வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2008இல் தாய்லாந்து இணைந்தது. ஒவ்வொரு வானூர்தியிலும் பங்கேற்கும் நாடுகளின் அலுவலர் உடனிருந்தனர். ஆயினும் ஒரு நாட்டின் கலம் மற்றதன் கடலுக்குள் துரத்திச்செல்ல உரிமை தரப்படவில்லை. கண்டறிதல் பொதுவாகவும் கைதுசெய்தல் தனித்தனியாகவும் வைக்கப்பட்டன. இலண்டன் காப்பீட்டுச் சந்தை 2005 ஜூனில் அந்நீரிணையைப் போர் இடர்ப் பட்டியலில் சேர்த்தது. 2006 ஆகஸ்டில் அதனின்று நீக்கியது. இறையாண்மையை விட்டுக்கொடாமலே கண்காணிப்பைப் பகிரலாம் என்பதற்கு இது சான்று.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய சான்று 2012 ஜனவரியில் மலேசியாவும் இந்தோனேசியாவும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆகும். எல்லை தீராத கடற்பகுதிகளில் மற்ற நாட்டு மீனவரைக் கண்டால் கைதுசெய்யாமல் வெளியேறுமாறு கூறுதல், அச்செய்தியை மறுதரப்புக்கு உடனே தெரிவித்தல் ஆகியவற்றை அது கடற்காவல் அமைப்புகளின் கடமையாக்கியது. வெடிபொருள், மின்சாரம், நச்சுப்பொருள் கொண்டு மீன்பிடிப்போர்க்கு இச்சலுகை இல்லை.

இவ்வொப்பீட்டை அளவோடு கொள்ளவேண்டும். அங்கே எல்லை தீரவில்லை. பாக் நீரிணையில் எல்லை தீர்ந்துவிட்டது. அங்கே விலக்கப்பட்ட அழிவுக்கருவிகளின் வரிசையில் இங்கே இழுவைமடியை இலங்கை வைக்கும். அது நியாயமற்றதும் அன்று. எனவே அம்முறை இழுவைப்படகுக்குக் கடவுச்சீட்டு ஆகாது. ஆயினும் மீனவரை நடத்தும் முறையைக் கடற்காவல் அமைப்புகளின் பொது நெறியாக்குதல், எச்சரிக்கையைக் கைதுக்கு முன்வைத்தல் ஆகிய இரு கூறுகளும் இங்கும் பொருந்துவன.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று எதிர்வாதங்கள் எழக்கூடும். முதலாவது, மீன்பிடிச் சிக்கல் இருதரப்புச் சார்ந்தது. பலநாட்டு மாநாட்டில் அதற்கிடமில்லை என்பது. மாலத்தீவும் தன் கடலில் அயல்நாட்டுப் படகுகள் மீன்பிடிப்பதை எதிர்கொள்ளும் நாடே. மீனவரை நடத்தும் பொதுநெறி மூவர்க்கும் பொருந்தும். பாக் நீரிணைக்கான நுணுக்கங்களை இருதரப்புக் குழு வகுக்கலாம்.

இரண்டாவது, சிறுபடகுகளைக் கூட்டாகக் கண்காணித்தால் அத்தகவல் கைதுக்கே பயன்படும் என்பது. இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியா 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இக்கருவி எல்லையை நெருங்கும்போது மீனவரை எச்சரிக்கவல்லது. அவ்வெச்சரிக்கை மீனவர்க்கும் அவர்தம் நாட்டுக் காவல்படைக்கும் முதலில் செல்லவேண்டும்; மறுதரப்போடு பகிரப்படும் தகவலின் அளவும் பயனும் முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கப்படவேண்டும். இல்லையேல் மீனவர் கருவியை அணைத்துவிடுவர், கண்காணிப்பும் தோற்கும்.

மூன்றாவது, இழுவைமடியை ஒழித்தால் சிக்கல் தானே தீரும் என்பது. திசை சரியானதே. 2017இல் பாக் வளைகுடாவின் 2,000 இழுவைப்படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கப்பட்டது. அக்காலவரையறைக்குள் இலக்கின் அருகில்கூட அது செல்லவில்லை. படகின் விலை, கடன்சுமை, ஆழ்கடல் தொழிலில் பழக்கமின்மை ஆகியவை தடையாயின. மாற்றம் நிறைவேறும்வரை கடலில் நிகழும் மோதலை யார் கையாள்வது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு. இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் கூட்டுக் கடற்பாதுகாப்பு, பெருங்கப்பலையும் பேரிடரையும் எதிர்கொள்ளும் ஆற்றலை ஈட்டியுள்ளது. ஆட்சிமாற்றங்களைக் கடந்து நிலைக்கும் தன்மையையும் ஓரளவு பெற்றுள்ளது. ஆனால் அதன் பாதுகாப்புக் கருத்தாக்கத்தில் மீனவர் ஒன்று ஐயத்துக்குரியவர், அன்றேல் சட்டத்தை மீறியவர் என்னும் இரு நிலைகளிலேயே தோன்றுகிறார். காக்கப்படவேண்டியவராகவும் கருத்துக் கேட்கப்படவேண்டியவராகவும் அவர் தோன்றவில்லை.

இதனை நேர்செய்யப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் முதல் தூணுக்குள் மீனவர் பாதுகாப்பை வெளிப்படையாகச் சேர்த்தல். 2008 கூட்டறிக்கையின் உறுதிமொழிகளைக் கடற்காவல் கலங்களின் பணிநெறியாக மாற்றுதல். உயிரிழப்பு நேரும் ஒவ்வொரு நிகழ்வையும் இரு நாட்டு அலுவலரும் கூட்டாக ஆராய்ந்து முடிவை வெளியிடுதல். இழுவைமடி விலக்கத்தின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைத்தல் ஆகிய நான்கும் இருக்கும் அமைப்புகளைக் கொண்டே இயலும்.

இவற்றோடு மீனவர் பேச்சுவார்த்தைக்கும் இடம் வேண்டும். 2010 ஆகஸ்டில் தமிழகம் வந்த வடபகுதி மீனவருடன் தமிழக மீனவர் பேசி, இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிட இசைந்தனர். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினர். அவ்விசைவு செயல்வடிவம் பெறவில்லை. எனினும் வலை அறுந்தவரும் படகு இழந்தவரும் எதிரெதிரே அமர்ந்து கால வரையறை பேசினர் என்பது அரசுகள் கருதத்தக்க செய்தி. பருத்தித்துறையில் அமைந்த மீட்பு நிலையத்தின் அழைப்பொலி, எந்தக் கரையின் படகிலிருந்து எழுந்தாலும் ஒரேவகையாகக் கேட்கப்படும் நாளில்தான் இக்கூட்டுறவு தன் பெயருக்கு உரியதாகும்.